தோளுக்கு எக்ஸ்-ரே: அஞ்ச வேண்டாம், அறிந்து செல்வோம்!



"தோள் கொடுப்பான் தோழன்" என்பது முதுமொழி. நம் ஊர்ப் பெண்களுக்கோ தோளே முதல் தோழன். தண்ணீர்க் குடத்தைத் தாங்குவது தோள். தம்பி தங்கையரைத் தூக்குவது தோள். ஏலத்தோட்டத்தில் மூட்டையைச் சுமப்பதும் தோள். புத்தகப் பையையும் வலைப்பந்தையும் நாம் தோளை நம்பித்தான் எடுக்கிறோம். அத்தகைய தோளுக்கு அடிபட்டு, மருத்துவர் "எக்ஸ்-ரே எடுத்து வாருங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், நம்மில் பலர் ஏன் அஞ்சுகிறோம்? அந்த அறைக்குள் என்ன நடக்கிறது? கதிர் நம் உடலுக்குத் தீங்கு செய்யுமா? இவற்றைத் தெளிவாக அறிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோளின் அமைப்பு

தோள் என்று நாம் ஒரே சொல்லில் கூறினாலும் அங்கே மூன்று எலும்புகள் கூடுகின்றன. கழுத்தின் கீழே குறுக்காகச் செல்வது காறை எலும்பு. முதுகுப் பக்கம் முக்கோண வடிவில் இருப்பது தோள்பட்டை எலும்பு. கையின் மேற்பகுதியில் இருப்பது மேற்கை எலும்பு. மேற்கை எலும்பின் தலை பந்து போன்றது. அது தோள்பட்டை எலும்பிலுள்ள ஆழமற்ற கிண்ணத்தில் பொருந்துகிறது. கிண்ணம் ஆழமாக இல்லாததால்தான் கையை முன்னும் பின்னும், மேலும் கீழும், வட்டமாகவும் சுழற்ற முடிகிறது. உடலின் மூட்டுகளில் மிகுதியாகச் சுழல வல்லது இதுவே. ஆனால் இந்த வசதிக்கு நாம் ஒரு விலை கொடுக்கிறோம். உடலின் பெரிய மூட்டுகளில் அடிக்கடி நழுவுவதும் இதுவேயாகும். கையை ஊன்றி விழுந்தால் காறை எலும்பு முறியலாம். மேற்கை எலும்பின் கழுத்து முறியலாம். அல்லது பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வரலாம்.

இம்மூன்றும் வெளியே காட்டும் அடையாளம் ஏறக்குறைய ஒன்றே: வலி, வீக்கம், கையைத் தூக்க இயலாமை. சாதாரணச் சுளுக்கும் இவ்வாறே தோன்றலாம். எது எலும்பு முறிவு, எது நழுவல், எது சுளுக்கு என்று கையால் தொட்டு மட்டும் உறுதியாகச் சொல்வது அரிது. இங்கேதான் எக்ஸ்-ரே உதவிக்கு வருகிறது.

மறைந்ததைக் காட்டிய கதிர்

ஜெர்மனி நாட்டின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராயிருந்தவர் வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜென். 1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் இருட்டறையில் மின்குழாய் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். குழாயைக் கறுப்புத் தாளால் மூடியிருந்தும், அருகிலிருந்த வேதிப்பொருள் பூசிய திரை ஒளிர்வதைக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு கதிர் தாளை ஊடுருவி வருகிறது என்று உணர்ந்தார். அதன் தன்மை அறியப்படாததால், கணக்கில் தெரியாத எண்ணுக்கு இடும் 'எக்ஸ்' என்னும் எழுத்தையே அதற்குப் பெயராக இட்டார். அவ்வாண்டு டிசம்பர் 22-ஆம் நாள் தம் மனைவி அன்னா பெர்த்தாவின் கையைப் படமெடுத்தார். விரலெலும்புகளும், விரலில் அணிந்திருந்த மோதிரமும் அதில் தெரிந்தன. 1901-இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. தம் கண்டுபிடிப்பு மக்கள் அனைவருக்கும் பயன்படட்டும் என்று அவர் காப்புரிமை கோரவில்லை.

முதல் உலகப் போரின்போது மேரி கியூரி அம்மையார் எக்ஸ்-ரே கருவிகளை மோட்டார் வண்டிகளில் ஏற்றிப் போர்முனைக்கு அருகே கொண்டு சென்றார். காயமுற்ற வீரர்களின் உடலில் குண்டும் முறிவும் எங்கே உள்ளன என்று காட்டினார். தம் மகள் ஐரீனையும் உடன் அழைத்துச் சென்றதோடு, ஏறத்தாழ 150 பெண்களுக்கு இப்பணியில் பயிற்சியும் அளித்தார். பெண்களால் ஆகாத வேலை என்று எவரேனும் சொன்னால் இதை நினைவிற்கொள்க.

நம் தமிழகமும் இத்துறையில் பின்தங்கிவிடவில்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1934-இல் பர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கதிரியல் துறையை வளர்த்தவர்களுள், அதனை நிறுவிய ஐடா சோஃபியா ஸ்கடர் அம்மையாரின் உறவினரான டாக்டர் ஐடா பி. ஸ்கடரும் ஒருவர். இன்றோ நம் தேனி மாவட்டத்திலேயே, ஆண்டிபட்டி அருகே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. ஒரு காலத்தில் பெருநகரில் மட்டும் கிடைத்த உதவி இன்று பேருந்தில் சென்று வரும் தூரத்தில் இருக்கிறது.

நம் ஊரில் நடப்பது என்ன?

இராசிங்காபுரத்திலும் போடி வட்டாரத்தின் பிற ஊர்களிலும் விடியுமுன் சோற்றுத் தூக்குடன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தாய்மார் பலர். ஏலக்காய் செடியின் அடியில் காய்ப்பது. எனவே குனிந்தும் குந்தியும் பறிக்க வேண்டும். மழைக்காலத்தில் சரிவு வழுக்கும். விழும்போது எவரும் கையைத்தான் ஊன்றுவர். மலைப்பாதை வளைவுகளில் ஜீப் விபத்துகளும் நேர்வதுண்டு.

அடிபட்டபின் நடப்பதையும் நாம் அறிவோம். "வெறும் சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு உருவிவிட்டால் சரியாகிவிடும்" என்பார் ஒருவர். "நாட்டுக் கட்டுப் போட்டுக்கொள்" என்பார் இன்னொருவர். மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடுமே என்று தாய் தயங்குவார். பெண் பிள்ளைக்கு அடிபட்டால், "எலும்பு முறிந்தது என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ" என்றும், "கதிர் பட்டால் பிள்ளைப்பேற்றுக்குக் கேடு" என்றும் அச்சம் எழும். இவ்வாறு நாள்கள் ஓடிவிடும்.

நாள் ஓடுவதுதான் இங்கே பெருங்கேடு. நழுவிய மூட்டை அன்றே உரிய இடத்தில் சேர்ப்பது எளிது; வாரக்கணக்கில் விட்டால் சதை இறுகி, அறுவை சிகிச்சை வரை போக நேரிடும். முறிந்த எலும்பின் மீது எண்ணெய் தடவி இழுத்து உருவினால், கூரிய முனை அருகிலுள்ள நரம்பையும் இரத்தக் குழாயையும் குத்தக்கூடும். ஒருநாள் கூலியைக் காக்கப் போய் பல மாதக் கூலியை இழப்பது கணக்காகுமா? நன்கு சேர்ந்த எலும்பு எவருடைய வாழ்வுக்கும் குறையன்று. சேராமல் விட்ட எலும்பே வாழ்நாள் முழுதும் கையைக் கட்டிப்போடும்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

அடிபட்ட கையை இழுக்காதீர்கள், தேய்க்காதீர்கள். முழங்கையை மடக்கி, துண்டினாலோ தாவணியினாலோ கழுத்தில் தொட்டில் கட்டி, கையை மார்போடு தாங்கவிடுங்கள். வீக்கம் ஏறுமுன் அந்தக் கையின் வளையல், மோதிரங்களைக் கழற்றிவிடுங்கள். விரல்கள் மரத்தாலும், வெளுத்தாலும், குளிர்ந்தாலும், தோளின் வெளிப்புறத்தில் தொடு உணர்ச்சி குறைந்தாலும் சிறிதும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வாகனம் இல்லையெனில் 108-ஐ அழைக்கலாம்.

எக்ஸ்-ரே எடுப்பதற்குப் பட்டினி கிடக்க வேண்டுவதில்லை, ஊசியும் இல்லை, முன்மருந்தும் இல்லை. எனினும் நழுவிய மூட்டைச் சேர்க்கையில் மயக்க மருந்து தேவைப்படலாமாதலால், புதிதாக அடிபட்டவர் மருத்துவரைக் கேட்ட பின் உண்பது நலம். பழைய படங்கள் இருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்க. ஒப்பிட்டுப் பார்க்க அவை மிகவும் உதவும்.

அறைக்குள் நடப்பவை

புறநோயாளிச் சீட்டில் மருத்துவர் எந்தத் தோள், எத்தனை படம் என்று எழுதித் தருவார். எக்ஸ்-ரே அறையின் வாசலில் மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் கொண்ட கதிர் எச்சரிக்கைச் சின்னம் இருக்கும். உள்ளே ஆள் இருக்கையில் சிவப்பு விளக்கு எரியலாம். அப்போது கதவைத் திறக்கலாகாது. உங்கள் முறை வந்ததும் பெயர், வயது, எந்தப் பக்கம் வலி என்று கேட்பார்கள். சீட்டில் வலது என்றிருந்து உங்களுக்கு இடது வலித்தால் உடனே சொல்லிவிட வேண்டும். வயதையும் சரியாகச் சொல்லுங்கள். அதன் காரணத்தைப் பின்னால் காண்போம்.

தோளின் மீது கிடக்கும் உலோகம் எதுவாயினும் படத்தில் பளிச்சென வெள்ளையாக விழுந்து எலும்பை மறைக்கும். ஆகவே சங்கிலி, தோடு, ஊக்கு, கொக்கி, தலைமுடி ஊசி ஆகியவற்றைக் கழற்றச் சொல்வார்கள். நம்மில் பலர் கழுத்தில் அணியும் சுரூபமும் செபமாலையும் இவற்றில் அடங்கும். அவற்றைக் கழற்றுவது அவமரியாதையன்று. அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, முடிந்தபின் அணிந்துகொள்ளலாம். நீண்ட சடையும் தடித்த பின்னலும்கூடப் படத்தில் நிழல் போல விழுவதுண்டு. சடையைத் தூக்கி உச்சியில் முடிந்துகொண்டால் போதும்.

மேலாடையைத் தளர்த்த அல்லது மாற்ற வேண்டுமோ என்னும் கூச்சம் நம் எல்லாருக்கும் உண்டு. உலோகமோ கனத்த வேலைப்பாடோ இல்லாத மெல்லிய பருத்திச் சட்டை அணிந்து சென்றால் பெரும்பாலும் மாற்ற நேராது. மாற்ற வேண்டியிருந்தால் திரை மறைவும் மாற்றுடையும் கேளுங்கள். படம் எடுப்பவர் ஆணாக இருந்தால், அம்மாவோ ஒரு பெண் பணியாளரோ உடனிருந்து ஆடை சரிசெய்ய உதவ வேண்டும் என்று பணிவோடு கேட்கலாம். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.

பருவமடைந்த பெண்களிடம் மாதவிலக்கு வந்த தேதியையும், கருவுற்றிருக்க வாய்ப்புண்டா என்பதையும் கேட்பதுண்டு. தோழியரே, இதைக் கேட்டு முகம் சிவக்க வேண்டாம். பெற்றோரும் சினங்கொள்ள வேண்டாம். இது எவர்மீதும் கொண்ட ஐயமன்று. அந்த வயதுப் பெண்கள் எல்லாரிடமும் கேட்கும் பொதுக் கேள்வியாகும். கருவுற்ற தாய்மார் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தோள் கருப்பையிலிருந்து தொலைவில் இருப்பதால், அவசியமெனில் அவர்களுக்கும் தக்க கவனத்தோடு படம் எடுப்பார்கள்.

பின்னர் உங்களைத் தட்டையான பலகை ஒன்றின் முன் நிற்கவோ உட்காரவோ வைப்பார் நுண்கதிர் வீச்சாளர். பலகை குளிர்ச்சியாக இருக்கலாம். ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவிலிருந்து கருவியின் முகத்தைத் தோளுக்கு நேரே திருப்புவார். அதிலிருந்து விழும் சதுர ஒளி சாதாரண விளக்கொளியே. கதிர் எங்கே விழும் என்று குறிப்பதற்காக அது இருக்கிறது. உள்ளங்கையை முன்புறமாகத் திருப்பச் சொல்வார். வலி தாங்கவில்லையென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பாதீர்கள், சொல்லிவிடுங்கள். கையை அசைக்காமலே எடுக்கும் கோணங்களும் உண்டு. அறையில் கட்டிய தொட்டிலை நீங்களாக அவிழ்க்கவும் வேண்டாம்.

"அசையாதே, மூச்சைப் பிடிம்மா" என்று குரல் வரும். ஒரு சிறு ஒலி கேட்கும். அவ்வளவுதான், ஒரு விநாடிக்கும் குறைவு. சுடாது, குத்தாது, எதுவும் தோன்றாது. அசைந்தால் மட்டும் படம் கலங்கி, மறுபடி எடுக்க நேரும்.

இரண்டாவது படம் எதற்கு?

முன்பக்கப் படம் எடுத்து முடிந்ததும் உங்களைச் சாய்வாகத் திருப்பி நிறுத்தி, இன்னொன்றும் எடுப்பார்கள். "ஒன்று போதாதா? காசு பிடுங்கவா?" என்று சிலர் முணுமுணுப்பர். ஒரு பேனாவை நேராக முனைப்பக்கமிருந்து பாருங்கள். சிறு வட்டம்தான் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால்தான் அதன் நீளம் தெரியும். எலும்பும் அப்படியே. தோள் பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் நழுவும். ஆனால் வலிப்பு வந்தவர்களுக்கும் மின்சாரம் தாக்கியவர்களுக்கும் சில வேளை பின்பக்கமாக நழுவுவதுண்டு. அது முன்பக்கப் படத்தில் சரியாக இருப்பது போலவே ஏமாற்றிவிடும். மற்றொரு கோணப் படமே உண்மையைச் சொல்லும். அவ்வாறே, மூட்டைச் சேர்த்தபின் மீண்டும் ஒரு படம் எடுப்பதும் வீணன்று. சரியாகச் சேர்ந்ததா, முறிவு ஏதேனும் உள்ளதா என்று பார்ப்பதற்கே.

கதிர் தீங்கு செய்யுமா?

எக்ஸ்-ரே குழாயினுள் மின்னணுக்கள் மிகுந்த வேகத்தோடு டங்ஸ்டன் தகட்டின் மீது மோதுகின்றன. அந்த ஆற்றலில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே கதிராக மாறுகிறது. மற்றவை வெப்பமாகப் போகின்றன. மின்சாரத்தை நிறுத்திய கணமே கதிரும் நின்றுவிடும். டார்ச் விளக்கை அணைத்தபின் அறையில் ஒளி தங்குவதில்லையல்லவா? அதுபோல நம் உடலிலும் கதிர் தங்குவதில்லை. படம் எடுத்துக்கொண்ட பெண் பிறரைத் தொடலாம், குழந்தையைத் தூக்கலாம், தாயானால் பாலூட்டலாம்.

கதிரின் அளவை மில்லிசீவர்ட் என்னும் அலகால் கூறுவர். மண், பாறை, வானம், உணவு ஆகியவற்றிலிருந்து இயற்கையாகவே உலக மக்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறோம். தோளின் எக்ஸ்-ரே ஒன்றில் கிடைப்பது ஏறத்தாழ 0.01 மில்லிசீவர்ட். அதாவது ஒன்றிரண்டு நாள் சும்மா வீட்டில் இருந்தால் இயற்கையிலிருந்து பெறுவது எவ்வளவோ, அவ்வளவே. பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும் என்னும் அச்சத்திற்கு இதில் இடமில்லை.

அப்படியானால் படம் எடுப்பவர் ஏன் காரீயம் பதித்த சுவருக்குப் பின்னே போய் நிற்கிறார்? நமக்கு ஆண்டில் ஒரு நாள். அவருக்கோ நாள்தோறும் பல பேர், ஆண்டு முழுவதும். துளித் துளியாகச் சேர்வதை அவர் தவிர்க்க வேண்டும். கதிரின் தீமை அறியப்படாத காலத்தில் பாதுகாப்பின்றி உழைத்த முன்னோடிகள் பலர் உடல்நலம் இழந்தனர். மேரி கியூரி அம்மையாரும் நெடுங்காலம் கதிர்களிடையே உழைத்ததால் வந்ததாகக் கருதப்படும் இரத்த நோயால் 1934-இல் மறைந்தார். அவர்கள் பட்ட துன்பமே நமக்குப் பாடமாயிற்று. நம் நாட்டில் 1983-இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், எக்ஸ்-ரே கருவிகளுக்கு உரிமம் வழங்கிக் கண்காணிக்கிறது. முன்பெல்லாம் நோயாளியின் வயிற்றில் காரீய உறை போர்த்துவது வழக்கம். இன்றைய கருவிகளில் கதிர் குறுகலாகத் தோளில் மட்டும் விழுவதால், அவ்வுறை எப்போதும் தேவையில்லை என்று வல்லுநர் குழுக்கள் அண்மைக் காலத்தில் கூறியுள்ளன. எனவே உறை போர்த்தாவிட்டால் அலட்சியம் என்று எண்ண வேண்டாம்.

எனினும், தீங்கு சிறிது என்பதற்காகத் தேவையின்றி எடுத்துக்கொள்வதும் தவறு. "மனநிம்மதிக்கு ஒரு படம்" என்று நாமாகக் கேட்கலாகாது. மருத்துவர் எழுதினால் அஞ்சலாகாது. இவ்விரண்டும் சேர்ந்ததே அறிவுடைமை.

படம் சொல்வதும் சொல்லாததும்

படத்தில் காற்று கறுப்பாகவும், சதை சாம்பல் நிறமாகவும், சுண்ணாம்புச் சத்து நிறைந்த எலும்பு வெள்ளையாகவும் தெரியும். வளரும் பிள்ளைகளுக்கு மேற்கை எலும்பின் தலைக்குக் கீழே குருத்தெலும்புத் தட்டு ஒன்று உண்டு. எலும்பு நீளமாக வளர்வது அங்கேதான். அது படத்தில் கறுப்புக் கோடாகத் தெரிவதால் முறிவோ என்று ஐயம் எழக்கூடும். வயதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்றது இதற்காகவே. சில வேளை ஒப்பிட்டுப் பார்க்க மறு தோளையும் படம் எடுப்பர்.

தசைநார், தசைநாண், தசை ஆகியவற்றின் கிழிசலை எக்ஸ்-ரே நேராகக் காட்டாது. எனவே "படத்தில் ஒன்றுமில்லை" என்றால் எலும்பில் ஒன்றுமில்லை என்பதே பொருள். வலி பொய் என்பதல்ல. ஓரிரு வாரத்தில் வலி குறையாவிடில் மீண்டும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். நீரிழிவு உள்ள தாய்மாருக்குத் தோள் மெல்ல மெல்ல இறுகி, பின்னால் கையைக் கொண்டுபோய்ச் சடை பின்னக்கூட முடியாமல் போவதுண்டு. அந்நோயில் படம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மருத்துவமும் பயிற்சியும் வேண்டும்.

முடிவை நுண்கதிர் வீச்சாளரிடம் கேட்டு வற்புறுத்தாதீர்கள். படத்தைப் பார்த்து முடிவு கூற வேண்டியவர் மருத்துவரே. கையில் தந்த படத்தை மடிக்காமல், ஈரம் படாமல், தேதி குறித்துப் பத்திரப்படுத்துங்கள்.

நம் கடமை

தோழியரே, இக்கட்டுரை நமக்காக மட்டும் அன்று. நம் இல்லங்களில் தோள் வலியைப் பொறுத்துக்கொண்டே மலைக்கு ஏறும் தாய்மாரும் பாட்டிமாரும் எத்தனை பேர்! சீட்டைப் படிக்கத் தெரியாததாலும், எங்கே வரிசையில் நிற்பது என்று அறியாததாலும், "எனக்கென்ன, தானாகச் சரியாகிவிடும்" என்று அவர்கள் தள்ளிப்போடுகிறார்கள். எழுதப் படிக்கக் கற்ற நாம் ஒரு நாள் அவர்களோடு செல்வோம். சீட்டில் எழுதியதைப் படித்துச் சொல்வோம். இடமா வலமா என்று சரிபார்ப்போம். சங்கிலியை வாங்கி வைத்துக்கொள்வோம். "பயப்படாதீங்கம்மா, மூச்சைப் பிடிக்கிற நேரம்தான்" என்று தைரியம் சொல்வோம். இத்தனை நாள் நம்மைச் சுமந்த தோளுக்கு நாம் தோள் கொடுக்கும் நாள் அதுவே.